எனக்கு நடந்த மண்டகப்படி

அக்டோபர் 9, சனி

காலையிலிருந்து புழுக்கம். காற்றே இல்லை. கடலும் வேலைநிறுத்தம் செய்வதுபோல் கிடக்கிறது.

முதலில் வெட்கக்கேட்டை எழுதித் தொலைக்கிறேன். இல்லாவிட்டால் நாளெல்லாம் உறுத்தும். இன்று விடைபெறும் உரையை ஒத்திகை பார்த்தேன். கேட்க ஆள் வேண்டுமே என்று பக்கத்து வேலியில் கட்டியிருந்த ஆட்டைச் சபையாக வைத்துக்கொண்டேன். "என் அன்பிற்குரிய கீழத்தெரு மக்களே" என்று ஆரம்பம். கைதட்டலுக்கு மூன்று இடங்களில் நிறுத்தம். "நான் கொடுத்தது கொஞ்சம், பெற்றதோ…" என்ற இடத்தில் குரல் தழுதழுக்க வேண்டும் என்று திட்டம். மூன்று தடவை சொல்லியும் தழுதழுக்கவில்லை. நாலாம் தடவை மூக்கைக் கிள்ளிக்கொண்டேன். கண்ணீர் வந்தது. வந்தது நிற்க மறுத்தது. நிமிர்ந்தால் படலுக்கு அப்பால், எனக்குக் கையுதவிக்கு வரும் குப்பம்மா, கருவாட்டுக் கூடையோடு.

"என்னங்கய்யா, வவுத்து வலியா? ஓமத்தண்ணி கொண்டாரட்டுங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அரை டம்ளர் குடிக்க வேண்டியதாயிற்று. ஆடு கடைசிவரை இருந்து கேட்டது. கட்டிப்போட்டிருந்தார்கள்.

இன்னும் பதினாலு நாள். 23ஆம் தேதி சனிக்கிழமை கிளம்ப வேண்டும். தீபாவளிக்கு வீடு.

"வெளிநாட்டுத் தொண்டு" என்று என்னை அனுப்பிய தொண்டர் சங்கத்தார் ஒவ்வொரு கடிதத்திலும் போடுகிறார்கள். கும்பகோணத்தில் காலையில் பஸ் ஏறினால், சாவடியில் இறங்கிச் சோதனை முடித்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேருகிற வெளிநாடு. ஆனாலும் வெளிநாடுதான். பிரெஞ்சுக் கொடி உண்டு. மனைவி ராஜம் கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் விரலை விட்டுத் தேடிய சுங்கக்காரன் உண்டு. (தேடினான், நக்கினான், போகச் சொன்னான்.)

நான் தொண்டுக்கு வந்த கதை இந்த நோட்டுக்கு மட்டும் தெரிந்தால் போதும். எங்கள் சீவல் கடையில் வாடிக்கைக்காரர்களைப் பேசிப் பேசியே நான் நிறுத்தி வைத்துவிடுகிறேனாம், வெற்றிலை வாடிவிடுகிறதாம். "நாட்டுக்கு ஏதாவது தொண்டு செய்யேன்டா" என்றார் அண்ணன். எந்த நாட்டுக்கு என்று சொல்லவில்லை. போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆவணியில் வரிச்சிக்குடிக்குக் கிழக்கே இந்தக் கடலோரத் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். மழையோடு மழையாக ஒரு கிணறு தோண்டினோம். கார்த்திகையில் திறப்பு. அன்றிலிருந்து என் பெயர் கிணத்து ஐயா.

ஒப்படைக்க வேண்டிய சாமான், சங்கம் கேட்டபடி:

கடப்பாரை 3 (நாலாவது கிணற்றுக்குள்)
மண்வெட்டி 4
கூடை: கறையான்
மாடு 1. மண் இழுக்க வந்தது. வேலை முடிந்ததும் விற்றாயிற்று
முதலுதவிப் பெட்டி: டிஞ்சர் மட்டும்
தொண்டர் 1, நைந்தது

கடைசி அறிக்கையும் பாதி நிரப்பினேன். கேள்வி 6: நீரின் சுவை. "இளநீர்" என்று எழுதினேன்.

சாயங்காலம் கிணற்றடிக் கல்லைத் தேங்காய் நாரால் தேய்த்தேன். திறப்புக்கு இரண்டு மாதம் கழித்துத் தையில் வந்த கல். சங்கத்தின் பெயர் மேலே சின்னதாக, என் பெயர் கீழே சற்றுப் பெரிதாக. கல்தச்சர் செய்த தவறு என்று எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கல்தச்சருக்கு அளவு எழுதிக் கொடுத்தவன் நான்.

அக்டோபர் 10, ஞாயிறு

மேகம் வந்தது, எட்டிப் பார்த்தது, போயிற்று.

மரைக்காயர் வீட்டில் தேநீர். (பெயர் நீளம், கை வலிக்கிறது, இனி ம.) சைகோனில் இருபது வருடம் துணி வியாபாரம் செய்து திரும்பியவர். ஒன்றரை மைலில் அவருடைய தென்னந்தோப்பு. என்னைவிட வயது பத்து கூடுதல், பல் நாலு கூடுதல். வம்பில் இந்த வட்டாரத்தில் எனக்குச் சமமான ஒரே ஆள்.

இன்றைய சரக்கு: ஊர் நாட்டாரின் மூத்த சம்சாரமும் இளைய சம்சாரமும் சமாதானம் ஆகிவிட்டார்கள். அதிலிருந்து நாட்டார் சாப்பாட்டுக்குத் தன் அக்காள் வீட்டுக்குப் போகிறார். பிரெஞ்சுக்காரர்கள் இந்த மாதமே போகிறார்கள். இல்லை, போகவில்லை. போகிறவர்கள் நாய்களை என்ன செய்வார்கள் என்று அரை மணி நேரம்.

எழுந்திருக்கும்போது ம. ஒரு மாதிரிச் சிரித்தார். "ஊருக்குப் போனப்பறம் காவேரித் தண்ணி ஒங்களுக்கு எறங்காது பாருங்க. எங்க தண்ணிக்கு நாக்கு பழகிப் போச்சு."

என் கிணற்றுக்குக் கிடைத்த பாராட்டு என்று நிமிர்ந்து நடந்து வந்தேன்.

(மடையன். இந்த ஒரு சொல் 12ஆம் தேதி சேர்த்தது.)

அக்டோபர் 12, செவ்வாய்

வெயில். செருப்பு வார் அறுந்தது. எல்லாம் அந்த வாரினால்.

தினமும் காலை ஆறு மணிக்குக் கடற்கரைக்கு நடை. ஏழரைக்குத் திரும்பினால் சமையல் மூலையில் குடம் நிறைந்திருக்கும். குப்பம்மா கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிறாள் என்று ஏறக்குறைய இரண்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று வார் அறுந்ததால் மணலில் நடக்க முடியாமல் பாதியில் திரும்பி, வயல் வரப்போடு வந்தேன்.

ம. தோப்பிலிருந்து வரும் வரப்பில் நாலைந்து பெண்கள் கூட்டம். நடுவில் அஞ்சலை. குப்பம்மாவின் மருமகள், தலைக்கூடையில் மீன் விற்கிறவள், வாயாடி. நண்டு வளைக்குள் கால் இறங்கி மடங்கிவிட்டது. கணுக்கால் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் ஒரு பித்தளைக் குடம் கவிழ்ந்து, தண்ணீர் வெடிப்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

குடத்தின் கழுத்துக்குக் கீழே "கு. ராஜம்" என்று வெட்டியிருந்தது.

மாமனார் சீராகக் கொடுத்த கும்பகோணக் குடம். கிணற்றிலிருந்து முப்பது அடியில் இருக்க வேண்டிய குடம். ஒன்றரை மைல் பாதையில் அதற்கு என்ன வேலை?

"இது எப்படி இங்கே வந்தது?"

ஒருத்தியும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அஞ்சலைதான், உதட்டைக் கடித்துக்கொண்டு: "கொடம் நசுங்கிப் போச்சுங்கய்யா. அம்மா திட்டுவாங்களா?"

ம.வின் குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்கு. எலும்பு முறிவு. மாவுக்கட்டு, நாற்பது நாள்.

திரும்பி வந்தபோது சமையல் மூலையில் ஒரு மண்குடம் நிறையத் தண்ணீர். யார் வைத்தது, தெரியவில்லை. மூடியைத் திறக்கவில்லை.

அக்டோபர் 13, புதன்

நாட்டாரைப் பிடித்து உட்கார வைத்தேன். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவர், ஆறடி உயரம், பெரிய மீசை. என் எதிரே வலை பின்னும் ஊசியை வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்தவர்போல் உட்கார்ந்தார்.

"கிணத்துத் தண்ணிக்கு என்ன நாட்டாரே?"

"ஒண்ணுமில்லீங்களே. நல்ல தண்ணிங்க."

"நீங்க குடிக்கிறீங்களா?"

"கருவாட்டுக்கு மீனு கழுவுறோம்ங்க." கொஞ்சம் யோசித்தார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று: "உப்பு மிச்சமாவுதுங்க."

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கார்த்திகையில் இனித்ததாம். மார்கழி வரை பாதகமில்லையாம். தையில் கரிக்க ஆரம்பித்ததாம். மழை பெய்தால் மறுபடி இரண்டு மாதம் இனிக்குமாம்.

"பாக்கி பத்து மாசம்?"

"பத்து மாசம் தோப்புத் தண்ணிங்க. மரைக்காரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"என்கிட்ட ஏன்யா சொல்லல?"

ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஊத்துக்கண்ணு தொறந்தப்ப நீங்க அழுதீங்கல்ல. சேத்துல நின்னுகிட்டு. ஆம்பள அழுது நாங்க பாத்தது சாவு வூட்டுல மட்டுந்தாங்க. அதுக்கப்பறம் ஒங்க மொகத்தப் பாத்து எப்புடிங்க சொல்றது?"

அது ஒத்திகை பார்க்காமல் அழுதது. வாழ்நாளில் ஒருமுறைதான் அப்படி.

ஊர்க்கூட்டம் போட்டிருக்கிறார்கள். இருபத்தேழு தலைக்கட்டு. திருவிழாவில் ஒவ்வொரு நாள் செலவை ஒவ்வொரு வீட்டார் ஏற்றுச் சாமிக்கு மண்டகப்படி நடத்துகிறார்களே, அதே முறை. இன்றைக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டுப் பெண், நான் கடற்கரைக்குப் போனதும் என் குடத்தை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போய், நான் திரும்புவதற்குள் நிரப்பி வைத்துவிட வேண்டும். குப்பம்மாவுக்குக் கண்காணிப்பு. தவறினால் அபராதம்.

"யாராவது அபராதம் கட்டியிருக்காங்களா?"

"ஒருத்தரும் தவறலீங்களே." பெருமையாகச் சொன்னார். அப்புறம், அன்பாக: "ரெண்டு வருஷம்தானேன்னு வச்சுகிட்டோம்ங்க. போயிடுவீங்கல்ல."

இருபத்தேழு வீட்டுக்குத் தொண்டு செய்ய வந்தவனுக்கு இருபத்தேழு வீடும் தொண்டு செய்திருக்கிறது. நாள் பார்த்துக் காத்திருந்திருக்கிறார்கள், சாமி எப்போது மலையேறும் என்று.

மத்தியானம் சாப்பிடவில்லை. சட்டையில் இரண்டு பொத்தான் தைத்தேன். ஒன்று தலைகீழ்.

அக்டோபர் 14, வியாழன்

அறிக்கையில் "இளநீர்" என்பதை அடித்தேன். மேலே எழுதச் சரியான சொல் கிடைக்கவில்லை.

என் கிணற்றில் இன்றுதான் முதல் வாளி இறைத்தேன். குடலிறக்கம் இருப்பதால் கயிறு இழுக்கக் கூடாது என்று வைத்தியர் சொன்னதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் ஒரு வாளிகூட இறைத்ததில்லை. இறைத்திருந்தால் அந்தத் தையிலேயே தெரிந்திருக்கும். இன்று இழுத்தேன். இடுப்புக்குக் கீழே ஏதோ முணுமுணுத்தது.

முதல் வாய்: மருந்து. இரண்டாம் வாய்: கருவாட்டுக் குழம்பு, கருவாடு இல்லாமல். மூன்றாம் வாய்க்குள் மீன் அலசிக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்தாள். இன்னொருத்தி அழுவதுபோல் இருந்தாள். இரண்டில் எது மோசம் என்று முடிவு செய்ய முடியவில்லை.

இனி இதைத்தான் குடிப்பேன் என்று அறிவித்தேன். கை தட்டவில்லை.

அக்டோபர் 15, வெள்ளி

வயிறு. விவரம் வேண்டாம்.

படுத்தபடியே பழைய நோட்டைப் புரட்டினேன். ராஜத்துக்குக் கடிதம் எழுத வெற்றுத்தாள் தேடினேன். கிடைத்தது வேறு. என் கையெழுத்தில் ஒரு கடித நகல். மேரிக்கு எழுதியது, நகரசபைக் கச்சேரியை இங்கே மேரி என்றுதான் சொல்வார்கள். அந்தத் தை மாதம்.

"…கீழத்தெருவில் இனிமையான நீருடன் கிணறு அமைந்துவிட்டபடியால், வாரம் மும்முறை வந்துகொண்டிருக்கும் தண்ணீர் வண்டி இனி அவசியமற்றது எனப் பணிவுடன் அறிவித்துக்கொள்கிறேன்."

அடியோடு மறந்துபோயிருந்தேன்.

யாரும் எழுதச் சொல்லவில்லை. சும்மா இருந்த பேனா, சும்மா இருந்த நான். கடிதத்தில் பணிவு மூன்று இடத்தில் வருகிறது. அந்த வாரமே வண்டி நின்றது. "பார்த்தீர்களா, சர்க்காரே நம் கிணற்றை ஏற்றுக்கொண்டது" என்று ம.விடம் பீற்றிக்கொண்டதும் இப்போது நினைவுக்கு வருகிறது.

ஆக, கிணறு கரித்த அதே மாதம் வண்டியையும் நிறுத்தியவன் நான். அன்றிலிருந்து இந்தத் தெருப் பெண்கள் ஒன்றரை மைல் போய் ஒன்றரை மைல் வருகிறார்கள், அவர்கள் வீட்டுக்கும் எனக்கும். அஞ்சலையின் கால் அந்த வரப்பில்தான் போயிற்று.

சிரிப்பாக ஏதாவது எழுதலாம் என்று பார்க்கிறேன். வரவில்லை.

அக்டோபர் 16, சனி

நாட்டாரிடம் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கதான் எழுதுனீங்களா?" வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். "செரி வுடுங்க. வெத்தல போடுறீங்களா?"

வாங்கிப் போட்டேன். சீவல் மட்டம். வழக்கமாக அதைப்பற்றி ஒரு பிரசங்கம் செய்வேன்.

போகும் முன் வண்டியைத் திரும்ப வரவழைக்க வேண்டும். இனி என் கையில் இருக்கிற வேலை இது ஒன்றுதான். ஏழு நாள்.

ராஜத்திடமிருந்து கடிதம். "வெளிநாட்டிலிருந்து எனக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம். என் குடத்தை மட்டும் மறக்காமல் கொண்டு வரவும்."

அக்டோபர் 17, ஞாயிறு

மழை இன்னும் இல்லை. வானம் சாம்பல் பூசினதுபோல்.

நசுங்கிய குடத்தைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருக்கிறேன், முறைக்காரர்கள் எடுக்காமல் இருக்க. காலையில் குப்பம்மா தன் மண்குடத்தோடு வந்து நின்றாள். தோப்புத் தண்ணீர். மேல்மூச்சு வாங்கிற்று.

"வேண்டாம்னு எல்லார்கிட்டயும் சொல்லியாச்சே, குப்பம்மா. நான் கிணத்துத் தண்ணிதான் குடிக்கிறேன்."

"குடிச்சீங்களே. வெள்ளிக்கெழம பூரா கொல்லைக்கும் வூட்டுக்கும் ஓடுனீங்களே. ஊரே பாத்துச்சு."

"அஞ்சலைக்கு அடிபட்டிருக்கு. நீ போய் இப்படிச் சுமந்துகிட்டு…"

"அன்னைக்கு அவ எடுத்தது வரப்புக்குத்தானே போச்சு? எங்க வூட்டு மொற நிலுவையில நிக்கிது. காலு ஒடிஞ்சா மொறையும் ஒடிஞ்சு போச்சா? ஊருல நாளைக்கு ஒரு பேச்சு வந்துடக் கூடாதுங்க." தண்ணீரை அடுப்பங்கரையில் வைத்தாள். போகும்போது, "ஓமம் போட்டுக் காய்ச்சிக் குடிங்க. ஒத்திகைக்கு நல்லது."

தெரிந்திருக்கிறது.

அவள் போன பிறகு மண்குடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். எங்கிருந்து வந்தது, எவள் கழுத்து நரம்பு எப்படிப் புடைத்தது எல்லாம் தெரியும். மூன்று டம்ளர் குடித்தேன். நின்றுகொண்டே, மூச்சு விடாமல். இவ்வளவு ருசியான தண்ணீரை நான் குடித்ததில்லை.

குடித்ததில்லையாம்! இரண்டு வருடமாகக் குடிப்பது இதைத்தான்.

அக்டோபர் 18, திங்கள்

கொடி மாறப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு ஒரு தண்ணீர் வண்டி போதும்.

மனுவைப் பிரெஞ்சில் எழுதினால் மதிப்பு என்று ம.விடம் போனேன். அவருக்குப் பிரெஞ்சு பேச வரும், சைகோன் கடைவீதிப் பிரெஞ்சு. விலை பேசவும் திட்டவும் மட்டும் தெரியும் என்றார். "'இந்த வெலைக்கு வண்டிய குடுக்காட்டி நீ நாசமாப் போவே'ன்னு வேணா எழுதலாம். போடவா?"

தமிழிலேயே எழுதுவது என்று முடிவு.

"உங்களுக்கும் தெரிஞ்சிருக்கு. என் ஸ்நேகிதர் நீங்க. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஊரு கட்டுப்பாட்ட நான் எப்புடி மீறுறது? தண்ணி அல்லா குடுத்தது, அள்ளிகிட்டுப் போங்கன்னேன், அவ்வளவுதான்." தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தார். "அதுவும் இல்லாம, கெணத்துக்கு எடம் பாத்தன்னைக்கே சொன்னேன், அங்க உப்பு ஓடும்னு. நெனவிருக்கா?"

இல்லை.

"நீங்க ஒடனே ஒங்க ஊருல ஒருத்தரு கெணத்துல விழுந்த கத ஒண்ணு சொன்னீங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பொரையேறிப் போச்சு எனக்கு. பேச்சு அப்புடியே மாறிப் போச்சு. நல்ல கதைதான், குத்தம் சொல்லல."

அண்ணன் சொன்னது சரி. என்னைக் கடையில் வைத்துக்கொண்டிருந்தால் வெற்றிலை மட்டும் வாடியிருக்கும்.

அக்டோபர் 19, செவ்வாய்

மேரி. உள்ளே பாதி அலமாரி காலி, பாதி கட்டு. சணல் கயிறு வாசனை. உள்ளறையிலும் தொப்பியைக் கழற்றாத ஒரு குமாஸ்தா. மனுவை வாசிக்காமலே கேட்டார்:

"இது போறவங்களுக்கா, வர்றவங்களுக்கா?"

"யாரு வண்டி விடுவாங்களோ அவங்களுக்கு."

"போறவங்க இனிமே எதுலயும் கையெழுத்துப் போட மாட்டாங்க. வர்றவங்க இன்னும் வரல." நல்ல மனிதர்தான். நாற்காலி இல்லாததால் ஒரு கட்டின்மேல் உட்காரச் சொன்னார். "வண்டிய நிறுத்தச் சொல்லி நீங்க எழுதுன கடுதாசிய எடுத்தாத்தான் அதுக்கு மறுப்பு எழுத முடியும். வெள்ளிக்கிழம வாங்க. தேடி வைக்கிறேன்."

"சனிக்கிழமை நான் ஊருக்குப் போறேன்."

"அப்ப வெள்ளிக்கிழம கரெக்டா வந்துடுங்க."

அக்டோபர் 20, புதன்

அஞ்சலையைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மாவுக்கட்டுக் காலை ஒரு அரிசி மூட்டையின்மேல் தூக்கி வைத்திருக்கிறாள். மூட்டை இளைத்திருந்தது. புருஷன் கடலில், அவள் கூடை தூக்காமல் இந்த வீட்டில் அடுப்பு எரியாது. குப்பம்மா இந்த வயதில் கூடையை எடுத்துக்கொண்டு விழிதியூர் பக்கம் போயிருக்கிறாளாம். நேற்று பாதிக் காசோடு திரும்பினாளாம்; மாமியாருக்கு விலை பேசத் தெரியாது, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறாள் என்று அஞ்சலைக்குக் கோபம்.

"கால் தேறினாலும் ஒரு வருஷத்துக்குக் குடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றேன். "வண்டி வந்துட்டா யாரும் தூக்க வேண்டாம். நான் அதுக்குத்தான் அலையறேன்."

"வருமாங்கய்யா?"

"வரும் அஞ்சலை."

"கெணறு வந்துச்சே அது மாதிரி வருமா, இல்ல நெசமாவே வருமா?"

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் முதலில் நிறுத்தினாள்.

அக்டோபர் 21, வியாழன்

தூறல், நாலு துளி. கிணற்றை எட்டிப் பார்த்தேன், ஏதாவது மாற்றம் உண்டா என்று. என் தலைதான் தெரிந்தது, சின்னதாக.

விடைபெறும் கூட்டம் வேண்டாம் என்று நாட்டாரிடம் கெஞ்சினேன். மாலைக்குச் சொல்லியாகிவிட்டதாம். நாதஸ்வரமும் உண்டாம். "நல்லபடியா அனுப்பி வைக்கலேன்னா எங்களுக்குத்தாங்க அசிங்கம்."

உரையை எடுத்துப் படித்தேன். கைதட்டலுக்கு நிறுத்தும் மூன்று இடங்களும் அப்படியே இருக்கின்றன. நடுவில் உள்ளதை எல்லாம் அடித்துவிட்டேன். மிச்சம்: "என் அன்பிற்குரிய கீழத்தெரு மக்களே." அதிலும் "என்" உறுத்துகிறது.

வண்டி மட்டும் வந்துவிட்டால் ஒரு வரி சொல்லலாம். "தப்பு செய்தேன், திருத்திவிட்டுப் போகிறேன்" என்று. அழாமல் சொல்வேன்.

முறை நடக்கிறது. இன்று நாட்டாரின் இளைய சம்சாரம். நான் கடற்கரைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்து காவல் காத்தேன். பின்பக்கமாக வந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 22, வெள்ளி

வெயிலும் இல்லை, மழையும் இல்லை. பெட்டி கட்டியாயிற்று. குடத்தைத் துணியில் சுற்றி, நசுங்கிய பக்கம் உள்ளே இருக்கும்படி.

காலையில் மேரி. குமாஸ்தா தேடி வைத்திருந்தார். என் உறை, என் கையெழுத்து, பிரெஞ்சு முத்திரை. பிரிக்கவே இல்லை. ஒட்டின பசைகூட அப்படியே. ஏறக்குறைய இரண்டு வருடமாக ஒரு கட்டின் அடியில் தூங்கியிருக்கிறது. என் எதிரிலேயே கிழித்து வாசித்தார்.

"நல்லா எழுதியிருக்கீங்க. பணிவு கொஞ்சம் ஜாஸ்தி."

"அப்படின்னா வண்டியை யாரு நிறுத்தினது?"

"யாரும் நிறுத்தல. மாடு செத்துப் போச்சுங்க. கோமாரி. உங்க கடுதாசி வர்றதுக்கு ரெண்டு நாள் முந்தி." சன்னல் வழியாகக் காட்டினார். கொல்லையில் ஒற்றை மாட்டு வண்டி, பீப்பாயோடு. பீப்பாய்மேல் ஒரு கோழி. "வேற மாடு வேணும்னு புதுச்சேரிக்கு எழுதினோம். பதில் வரல. திரும்பவும் எழுதினோம். அப்பறம் உங்க தெருவுல கெணறு வந்துட்டதாச் சொன்னாங்க. சரின்னு வுட்டுட்டோம்."

"ஒரு மாடு இருந்தா?"

"அன்னைக்கே ஓடியிருக்கும். இன்னைக்கும் ஓடும். வண்டிக்காரன் சும்மாத்தான் ஒக்காந்திருக்கான். மாடு வாங்கறதுக்கு உத்தரவு போட இப்ப ஆளு இல்ல, அதான்."

வெளியே வந்து இரண்டு தெரு வரைக்கும் கால் லேசாக இருந்தது. நான் நிறுத்தவில்லை. என் கடிதத்தை ஒருவரும் படிக்கக்கூட இல்லை. மூன்றாவது தெருவில் அஞ்சலையின் கேள்வி ஞாபகம் வந்தது.

நாட்டாரிடம் சொன்னேன். "பாத்தீங்களா, ஒங்க மேல தப்பே இல்லீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகவே சந்தோஷம் அவருக்கு. நாளைக்கு நாதஸ்வரம் எட்டு மணிக்கு என்றார்.

பஸ்ஸுக்கு முன் சாமான் பட்டியலை முடித்து உறையில் போட உட்கார்ந்தேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே காரணம் எழுதச் சங்கத்தார் இடம் விட்டிருக்கிறார்கள். கடப்பாரைக்கு எழுதினேன். கூடைக்கு எழுதினேன்.

மாடு 1. நாலு பல், நல்ல இழுவை, ஒற்றை வண்டிக்குப் பழகினது. விற்றது: அந்தத் தை மாதம். காரணம்: கிணற்றடியில் பெயர்க்கல் வெட்ட.